வயிறு பொய் சொல்லாது

தண்ணீர் வீணாவது எனக்குப் பிடிக்காது, ஐயா. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோட்டார் போடுவதும் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவுவதும் நான்தான். யாரும் சொல்லிச் செய்வதில்லை. பொதுக் காரியம் என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது.

அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் செல்போன் டவரை நட்டார்கள். அதன் கதிர் உடம்புக்கு ஆகாது என்று வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். சங்கத் தலைவர் என் மைத்துனர். அவர் ஒரு பொறியாளரைக் கூட்டிவந்தார். வந்தவர் கருவியை அங்கும் இங்கும் நீட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் வரம்புக்குள்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். எல்லோரும் நிம்மதியாகப் போய்ப் படுத்தார்கள். எனக்குத்தான் தூக்கமில்லை.

என் மனைவியாவது நம்பியிருக்கலாம். "மிக்ஸி போட்டாலே ஹாலுக்கு ஓடுற ஆளு நீங்க. பேசாம சாப்பிட்டுட்டுப் படுங்க" என்றாள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. கட்டினவளே கேலி செய்தால் ஊர் எப்படிக் கேட்கும்?

யோசித்தேன். கதிர் மெதுவாக வேலை செய்யும், வருஷக் கணக்காகலாம். இவர்களுக்குப் புரியும்போது காலம் கடந்திருக்கும். வரப்போகிற நோயைக் கொஞ்சம் முன்கூட்டியே காட்டிவிட்டால் பிழைத்துக்கொள்வார்கள். கருவி பொய் சொல்லும், வயிறு பொய் சொல்லாது. அதனால் தொட்டியில் பேதி மருந்தைப் போட்டேன். ஒரு கம்பால் பொறுமையாகக் கலக்கியும் விட்டேன். ஒரு வீட்டுக்கு அதிகம், ஒரு வீட்டுக்குக் குறைவு என்று பாரபட்சம் வரக்கூடாதல்லவா.

கைமேல் பலன். மைத்துனர் சங்கக் கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து ஓடினார். கீழ்வீட்டுத் தையல்காரர், அளவு கொடுக்க வந்தவரைக் கையைத் தூக்கியபடி நிற்கவைத்துவிட்டு உள்ளே போனவர், திரும்பவேயில்லை. நான் வாயே திறக்கவில்லை. மேலே கையைக் காட்டினேன், அவ்வளவுதான்.

என் மனைவி மட்டும் வீம்பாக இருந்தாள். அவளுக்காக மருந்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது. மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பவாவது நம்புறியா?" என்று கேட்டேன். "நம்புறேங்க" என்றாள். கல்யாணமானதிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

டவர் இறங்கும்வரை விடக்கூடாது என்று தொடர்ந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள், துணி உலர்த்த மாடிக்கு வந்தாள்; மருந்துப் பொட்டலமும் கம்புமாக நின்ற என்னைப் பார்த்தாள். அங்கிருந்தே உங்களுக்குப் போன் செய்தாள். சிக்னல் நன்றாகத்தான் கிடைத்தது.

ஆக, மருந்து கலந்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கும் இத்தனை நாளாக வயிறு நிற்கவில்லை. அதை அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், அது டவரால் வந்தது. தண்ணீரா? எல்லோரும் குடித்த அதே தொட்டித் தண்ணீர்தான். எனக்கென்று தனியாக வாங்கிக் குடிக்கிற ஆள் நான் இல்லை. இங்கே வந்து உங்கள் பானைத் தண்ணீரைக் குடித்ததிலிருந்து வயிறு அமைதியாக இருக்கிறது. உங்கள் ஸ்டேஷன் பக்கம் டவர் எதுவும் இல்லை போலிருக்கிறது.