எல்லாம் தூதனுக்காக

உட்காருங்கள், ஐயா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. போன வாரம் வாடிக்கையாளர் ஒருவர் அதிலிருந்து சரிந்து விழுந்து, எங்கள் பண்ணையைப் பற்றி ஏற்கெனவே வைத்திருந்த அபிப்பிராயத்தை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். இந்த முக்காலி திடமானது. டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். உங்களோடு வந்த மருத்துவர் லாயத்துக்குப் போயிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் வெளியே குறுக்கும் நெடுக்கும் நடக்கட்டும். அவருக்கு நடை நல்லது.

உங்கள் குதிரை வளர்ப்போர் சங்கத்துக்குப் புகார் வந்திருக்கிறது, தெரியும். இந்தப் பருவத்தில் எங்களிடம் பெட்டைக் குதிரைகளை அனுப்பியவர்கள் எல்லாரும் அவற்றை வெறும் வயிற்றோடு திரும்பக் கூட்டிப்போனார்கள். ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. இதற்கு முந்தைய இரண்டு பருவங்களிலோ தப்பியது ஒன்றும் கிடையாது. ஒரே பண்ணை, ஒரே குதிரை, ஒரே தீவனம், இதெப்படி என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஒரே குதிரை என்பதில்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

யானையைக் கட்டித் தீனி போடுவது கஷ்டம் என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் குதிரை வளர்த்ததில்லை. அப்பா போன பிறகு அண்ணனும் நானும் இந்தப் பண்ணையை எடுத்து நடத்தினோம். முதல் வருஷம் மழையில் வைக்கோல் பூசணம் பிடித்தது. அடுத்த வருஷம் ஒரு பெட்டை சினையாக இருக்கிறது என்று பதினோரு மாதம் அதைத் தாங்கு தாங்கென்று தாங்கினோம். கடைசியில் அது வெறும் கொழுப்பு என்று தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் குட்டி ஒன்று வளர்ந்து எங்கேயோ ஒரு பந்தயத்தில் முதலாவதாக வந்துவிட, அண்ணன் கோட்டு தைத்துக்கொண்டார். கோட்டு தைத்தவருக்குத் தகுந்த குதிரை வேண்டாமா? அப்பாவின் வீட்டை விற்று துரையை வாங்கினார்.

துரை என்பது நாங்கள் வைத்த பெயர். பந்தயத்தில் ஓடிப் பெயர் வாங்கிய குதிரை. வேறு குதிரை வாய் வைத்த வாளியில் தண்ணீர் குடிக்காது. இனப்பெருக்கத்துக்காக வாங்கியதென்றாலும் அந்த வேலையில் அதற்குப் பெரிய நாட்டம் இல்லை. பெட்டையைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினால், பேப்பர் படிக்கிறவரைத் தொந்தரவு செய்துவிட்டதுபோல நம்மைத் திரும்பிப் பார்க்கும். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவன் கதை அண்ணனுடையது. நான் அப்போதே சொன்னேன். தம்பி சொன்னால் யார் கேட்கிறார்கள்?

இப்போது தூதனைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தத் தொழில் உங்களுக்குத் தெரியும், ஆனாலும் என் வாயால் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. பெட்டை தயாராக இருக்கிறதா என்று பார்க்காமல் விலையுயர்ந்த குதிரையைக் கிட்டே விடமாட்டார்கள். ஓர் உதை விட்டால் அவ்வளவு பணமும் நொண்டியாகிவிடும். அதனால் ஒரு சாதாரணக் குதிரையை முதலில் அனுப்புவார்கள். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று அது கனைக்கும், கழுத்தை நீட்டும், குழையும். பெட்டைக்குப் பிடிக்கவில்லையென்றால் உதையும் கடியும் அதற்குத்தான். பிடித்துவிட்டது, பெட்டை மனம் இளகி நிற்கிறது என்று தெரிந்த அந்த நிமிஷமே அதை இழுத்துக்கொண்டு போய்விட்டு, துரையைக் கூட்டிவருவார்கள். எங்கள் பண்ணையில் அந்தச் சாதாரணக் குதிரைதான் தூதன். இலவு காத்த கிளியாவது காய் வெடித்ததும் பறந்துபோகும். இவன் மறுநாள் காலையில் மறுபடியும் அதே ஆசையோடு வந்து நிற்பான்.

இழுத்துக்கொண்டு போகிற வேலை என்னுடையது. கயிறு என் கையில் இருக்கும், அவன் முகம் என் தோளருகே இருக்கும். அந்த முகத்தை வருஷக்கணக்காகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அவனைக் கட்டிவிட்டு ஒரு கேரட் கொடுத்து, "போகட்டும் விடுடா, நமக்கு எழுதினது அவ்வளவுதான்" என்பேன். நாங்கள் இரண்டு பேரும் நல்ல சிநேகிதர்கள்.

அண்ணி எங்களுக்குத் தீவனம் கொடுத்த கடைக்காரரின் மகள். அண்ணனுக்குக் கடைப்பக்கம் போகிற பழக்கம் இல்லை, நான்தான் போவேன். ஒரு மூட்டை போதுமென்றாலும் அரை மூட்டையாக இரண்டு தடவை போவேன். அவள் தராசில் நிறுத்துக்கொண்டே பேசுவாள். நான் ஏதாவது சொல்வேன், சிரிப்பாள். சிரிக்கும்போது தராசுத் தட்டைக் கையால் பிடித்துக்கொள்வாள், எடை மாறிவிடக்கூடாது என்று. ஒரு வருஷம் அப்படிப் போனது. பிறகு அண்ணனுக்குப் பெண் தேடினார்கள். "நல்ல பொண்ணா எங்கயாவது இருக்காளாடா?" என்று அவர் என்னையே கேட்டார். இருக்கிறாள் என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது. அவர் கோட்டு போட்டுக்கொண்டு ஒரே ஒரு தடவை கடைக்கு வந்தார். அதுவரை எனக்கு அவள், அதற்குப் பிறகு அண்ணி, அவர்.

இதற்கும் குதிரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீங்கள் கேட்டதால் சொன்னேன். கேட்கவில்லையா? சரி, போகட்டும்.

ஒரு நாள் காலை அண்ணன் லாயத்து வாசலில் நின்று, உள்ளே வராமலே சொன்னார்.

"டேய், இனிமே ஸ்கேன் பண்ணியே எல்லாம் தெரிஞ்சுக்கலாமாம். தூதனுக்கு இங்க என்ன வேலை? காயடிச்சு சவாரிப் பள்ளிக்குக் குடுத்துடலாம். சின்னப் பசங்க ஏறிச் சுத்தட்டும்."

"இவ்வளவு நாள் உழைச்சிருக்கானே, அண்ணே."

"உழைச்சானா? உதை வாங்கினான். அதெல்லாம் ஒரு உழைப்பா?"

நான் கோபப்படவில்லை. அன்றைக்குச் சாப்பாடுகூட நன்றாகவே இறங்கியது. யோசித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். ஒருவனுக்கு ஆசை இருக்கிறது, வாய்ப்பு இல்லை. இன்னொருவனுக்கு வாய்ப்பு இருக்கிறது, ஆசை இல்லை. கத்தி யாருக்கு அதிகம் வலிக்கும்? துரையைப் பொறுத்தவரை, அது உபயோகிக்காத ஒரு சாமானை எடுத்துவிடுவதுபோலத்தான். கருணையோடு யோசிக்கிற யாரும் இந்த முடிவுக்குத்தான் வருவார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டும் ஒரே பழுப்பு நிறம், ஒரே உயரம். துரைக்கு மட்டும் நெற்றியில் பொட்டளவு வெள்ளை. நான் தலைக்குப் போடுகிற சாயம் வீட்டில் இருந்தது. துரையின் வெள்ளை மறைந்தது. முடியை வெளுக்க வைக்கிற மருந்தை வாங்கித் தூதன் நெற்றியில் தடவினேன். அழகான பொட்டு ஒன்று வந்தது, அசலைவிட வட்டமாக. போர்வைகளையும் வாசலில் தொங்குகிற பெயர்ப்பலகைகளையும் மாற்றினேன். லாயக்காரர் கையில் கூடையோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"எனக்குச் சம்பளம் லத்தி அள்ள. குதிரைக்குப் பேர் வைக்க இல்ல" என்று சொல்லிவிட்டு அள்ளப் போனார். நல்ல மனிதர்.

காயடிக்க வந்த மருத்துவர் ஊருக்குப் புதியவர். அண்ணனுக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும், வீட்டுக்குள் போய்விட்டார். ஊசியை எடுத்துக்கொண்டு மருத்துவர் என்னைக் கேட்டார், "இதுதானே?" என்று. நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. "கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேனே, டாக்டர்" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

உங்கள் முகம் மாறுகிறது. டீயை வைத்துவிடாதீர்கள், குடியுங்கள். ஆமாம், அப்பாவின் வீட்டை விற்று வாங்கிய குதிரைக்குத்தான். புண் ஆறியதும் அது சவாரிப் பள்ளிக்குப் போனது. நான் போய்ப் பார்த்தேன். குழந்தைகளைச் சுமந்துகொண்டு வட்டம் சுற்றுகிறது, எந்த வாளியிலும் குடிக்கிறது. சாயம் போய் நெற்றியில் மறுபடி வெள்ளை வந்தபோது, தாங்கள் முத்தம் கொடுத்துத்தான் அது வந்தது என்று குழந்தைகள் சொல்லிக்கொள்கிறார்களாம். யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள்.

அண்ணனுக்குத் தெரியவே இல்லையா என்றால், தெரியவில்லை. அண்ணன் குதிரையை எப்போதும் முன்பக்கத்திலிருந்து பார்ப்பவர். புகைப்படம் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். போர்வையும் பலகையும், நான் அவ்வப்போது மருந்து தடவிப் புதுப்பிக்கிற பொட்டும் சரியாக இருந்தால் அவருக்கு அது துரைதான்.

அடுத்து வந்ததுதான் எங்கள் பண்ணையின் பொற்காலம். இத்தனை வருஷம் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற தூதன், தடுப்பு இல்லாத இடத்தில் என்ன செய்வான் என்று நான் சொல்லவேண்டியதில்லை. வந்த பெட்டைகள் எல்லாம் சினை பிடித்தன. குட்டிகள் கெட்டியான காலோடும், கொஞ்சம் பெரிய காதோடும் பிறந்தன. வாடிக்கையாளர்கள் வரிசை கட்டினார்கள். அண்ணன் இரண்டாவது கோட்டு தைத்தார். ஒவ்வொரு குட்டியையும் தடவிக்கொடுத்து, "வம்சம் பேசுது பாத்தியா" என்பார். பேசத்தான் செய்தது, கேட்கத்தான் அவருக்குத் தெரியவில்லை.

நான் சந்தோஷமாக இருந்தேன். முதல் சில மாதம் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன். தினமும் காலையில் கேரட்டோடு போய், "எப்படிடா இருக்கே?" என்பேன். முதலில் ஓடி வந்தான். பிறகு நடந்து வந்தான். அப்புறம் ஒரு நாள், இருந்த இடத்திலேயே நின்று, பின்பக்கத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டான். சரி, களைப்பு என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் வாளியை உதைத்தான். லாயக்காரர் குடித்த வாளியாம் அது. யாரிடமிருந்து கற்றுக்கொண்டானோ தெரியவில்லை. நல்ல தீனியும் போர்வையும் ஒருவனை இப்படியா மாற்றும்? ஏணியைப் பிடித்தவனை ஏறியவன் உதைப்பது உலக வழக்கம். ஆனால் தூதனிடம் நான் அதை எதிர்பார்க்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஐயா, நான் பொறுமைசாலி, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அண்ணி அதற்குமுன் லாயத்துப் பக்கம் அதிகம் வந்ததில்லை. துரையைக் கண்டால் அவருக்கு ஆகாது, திமிர் பிடித்தது என்பார். ஒரு நாள் சாயங்காலம் நான் தண்ணீர் கொண்டுபோனபோது, அவர் தடுப்பின்மேல் சாய்ந்து நின்று தூதன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். என்னிடம் பின்பக்கத்தைக் காட்டியவன்.

"இது இப்போ எவ்வளவு சாதுவா மாறிடுச்சு பாத்தீங்களா?" என்றார் அண்ணி. "கண்ணுல ஒரு ஏக்கம் தெரியுது. முன்னாடியெல்லாம் இப்படி இல்ல."

"ஏக்கம் இவனுக்கு எதுக்கு, அண்ணி? எல்லாம்தான் கிடைக்குதே."

"உங்களுக்குக் குதிரையோட மனசு புரியாது" என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது தடுப்புப் பலகையைக் கையால் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் வந்தார். நறுக்கிய ஆப்பிள் கொண்டுவருவார். எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு குதிரைமேல் மனிதன் பொறாமைப்படுவானா? எனக்கு இருந்த கவலையெல்லாம் பண்ணையின் ஒழுங்கைப் பற்றி. ஓர் ஆண் குதிரை வாளியை உதைக்கிறது, வேலைக்காரர்களை மதிப்பதில்லை, நாளைக்கு யாரையாவது கடித்துவைத்தால் என்ன செய்வது? தலைக்கேறினதை இறக்கவேண்டியது பண்ணையில் இருக்கிறவன் பொறுப்பு. அதோடு, அவனுக்கும் இது நல்லதுதான். அவன் பழையபடி ஆகவேண்டும், நாங்கள் பழையபடி சிநேகிதர்களாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. எல்லாம் தூதனுக்காக.

இந்தப் பருவம் தொடங்குவதற்கு முன்னால், அண்ணன் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, அண்ணியும் அவர் அப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது, மருத்துவருக்குப் போன் செய்தேன். லாயத்தில் ஒரு குதிரைக்குக் குணம் மாறிவிட்டது என்றேன். வந்தார். துரைக்குக் காயடித்த அதே மருத்துவர்தான்.

பாவம், அண்ணன் அவனுக்கு எத்தனை டானிக் கொடுத்தார், எத்தனை முட்டை உடைத்து ஊற்றினார். எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். பெட்டைகள் வந்தன, காத்திருந்தன, போயின. தூதன் இப்போது யாரையும் உதைப்பதில்லை. நான் போனால் ஓடியும் வருவதில்லை, திரும்பியும் கொள்வதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கேரட் கொடுத்தால் தின்கிறான். அண்ணி ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன ஆச்சு?" என்று என்னைக் கேட்டார். வெயில் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வருவதில்லை.

அதோ உங்கள் மருத்துவர் வருகிறார். வருகிற வேகத்தைப் பார்த்தால், குனிந்து பார்த்திருக்கிறார். இந்தப் பண்ணையில் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்ட முதல் ஆள் அவர்தான். அண்ணனைப் பாருங்கள், என்னவோ நல்ல சேதி என்று நினைத்துக் கோட்டைச் சரிசெய்துகொள்கிறார்.

அவர் உள்ளே வருவதற்குள் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், என்னைப் பொய்யன் என்று யாரும் எழுதிவிடக்கூடாது. அன்றைக்கும் டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டு, "இதுதானே?" என்றுதான் கேட்டார். தூதன் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான், பழைய நாட்களில் நிற்பதுபோல. இந்த முறை நான் சுற்றி வளைக்கவில்லை. "ஆமா டாக்டர், இவன்தான்" என்றேன்.