ஒலிம்ப் கல்லறையின் மெழுகுவத்திகள்

குவாதலூப் தீவின் மக்களுக்கு ஓர் அதிமுக்கிய அறிவிப்பு: இங்கே உயிரோடிருப்பவன் ஒழுகுகிற தகரக் கூரையின் கீழ் கிடக்கலாம். செத்தவனுக்குக் கறுப்பு வெள்ளை ஓடு பதித்த மாளிகை இல்லையென்றால் குடும்ப மானம் கப்பலேறிவிடும்.

சரி, கிட்டே வாருங்கள். விளக்கைக் குறையுங்கள். இது நண்பன் ஃப்ளோரானின் சித்தி யூலாலிக்கு நடந்தது.

கல்லறைத் திருநாள். நடுநிசி. ஊரே மெழுகுவத்தி ஏற்றி, ரம் குடித்து, பக்கத்துக் கல்லறையைக் குறை சொல்லி, வீடு திரும்பியாயிற்று. கரும்புக்காட்டுச் சாலையில் ஒரே ஓர் ஆள்... சித்தி. கல்லறைக்கே திரும்பிப் போகிறாள்.

வேறென்ன, வயிற்றெரிச்சல்தான். அவள் புருஷன் அல்சீதுக்கு வெறும் சுண்ணாம்புக் கல்லறை. காலையில் அவளே வெள்ளையடித்தது. தூறலில் காயக்கூட இல்லை. பக்கத்தில், தேங்காய் ஐஸ் விற்ற ஒலிம்புக்குக் கறுப்புப் பளிங்கு, கண்ணாடிக் கதவு. எல்லாம் பாரிஸ் மகன்களின் உபயம்.

சாயங்காலம் சித்திக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஐஸ் வித்தவளுக்குக் கண்ணாடிக் கதவா? உள்ள என்ன நகைக்கடையா நடக்குது?"

ஒலிம்பின் தங்கை விடவில்லை. "உனக்கு ஏன்டி எரியுது? உன் வீட்டுக்காரரு தெனமும் எங்கக்கா வண்டிகிட்டதானே நின்னாரு!"

கூட்டமே சிரித்தது.

அந்தச் சிரிப்புதான் அவளை நடுநிசியில் இழுத்து வந்தது. ஒலிம்பின் மெழுகுவத்திகளை அள்ளி அல்சீதின் தலைமாட்டில் நட்டாள். "இப்ப நீதான்யா ராஜா" என்றாள். கல்லறைத் தோட்டத்து வாசல் வரை வந்திருப்பாள்...

சளக்... சளக்.

ஈரத்தில் வெறுங்கால்.

திரும்பினாள். அல்சீதின் கல்லறை இருட்டு. ஒலிம்பின் கல்லறையில் அத்தனை மெழுகுவத்தியும் எரிகிறது. காற்றில் தேங்காய்ப்பால் வாசனை... கறுப்புப் பளிங்கின் மேல் வெள்ளைச் சுண்ணாம்புத் தடங்கள். இடது காலில் பெருவிரல் இல்லை. அல்சீதின் பெருவிரலைக் கரும்பு வெட்டும் கத்தி எடுத்தது ஊருக்கே தெரியும்.

தடங்கள் கண்ணாடிக் கதவு வரை போயின. திரும்பி வரவில்லை.

மறு வாரமே சித்தி இரண்டுக்கும் நடுவே ஆளுயரச் சுவர் எழுப்பினாள். விடிந்து பார்த்தால், சுவர் உச்சியின் ஈரச் சிமெண்டில் ஓர் இடது பாதம்... நான்கு விரல்.

அதன்மேல் ஓடு பதித்துவிட்டாள். ஒலிம்புடையதைவிட உசத்தி ஓடு.