எட்டு வெள்ளைக் கட்டைகள்

புதிதாகப் பியானோ கற்க வரும் பிள்ளைக்கு ஒரு பீஸ், அதாவது வாசிக்க ஓர் இசைத்துண்டு, தேர்ந்தெடுப்பது செருப்புக் கடையில் அளவு பார்ப்பது மாதிரிதான். கொஞ்சம் பெரிதாக இருந்தால் பரவாயில்லை, கால் வளரும். ரொம்பப் பெரிதாக இருந்தால் தடுக்கி விழும். பெற்றவர்களுக்கு எப்போதும் ரொம்பப் பெரியதுதான் வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் வாசித்தது, டிவி விளம்பரத்தில் வந்தது என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். "எங்க பொண்ணு கற்பூரம் மிஸ், ஒரே வாரத்துல பிடிச்சுக்குவா" என்பார்கள். நான் சிரித்துக்கொண்டே அந்தக் கற்பூரத்தின் கையை வாங்கிக் கட்டைகள்மேல் விரித்து வைப்பேன். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை எத்தனை வெள்ளைக் கட்டை எட்டுகிறது என்று எண்ணுவேன். பிறகுதான் பீஸ்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன்.

அந்த இசைப் பள்ளியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். எந்தப் பிள்ளைக்கு எந்த பீஸ் என்று முடிவு செய்வது நான்தான். மற்ற ஆசிரியர்களும் என்னிடம்தான் கேட்பார்கள். இடது கை மந்தமான பிள்ளைக்கு மூன்று தட்டுத் தாளத்தில் ஒரு பழைய நடனம், அவசரக்காரப் பிள்ளைக்கு மெதுவான தாலாட்டு, விரல் நடுங்குகிற பெரியவருக்கு ஐந்து சுரத்துக்குள் அடங்கும் ஒரு சிறு மெட்டு. எங்கள் முதல்வருக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர். பேசும்போதெல்லாம் மணி பார்ப்பார். அவர்கூட என் விஷயத்தில் மணி பார்க்காமல், "நீங்க சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் என் வலது கை போனது. போனது என்றால் துண்டாகப் போகவில்லை. பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஒரு கச்சேரிக்காக என் கைக்கு மீறிய ஒன்றை எடுத்து, நாலு மாதம் பேய் மாதிரிச் சாதகம் செய்தேன். முதலில் விரல்கள் ஜில்லென்று ஆயின. பிறகு மரத்தன. பிறகு தேநீர்க் கோப்பை கையிலிருந்து நழுவியது. கடைசியில், பியானோமுன் உட்கார்ந்தால் மட்டும், சுண்டுவிரலும் மோதிர விரலும் தாமாகவே உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டன. மருத்துவர் கையை விரித்துவிட்டார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. வாசிக்கத் தெரியாத பியானோ ஆசிரியையை யார் வைத்துக்கொள்வார்கள்? மூன்று விரலில் சமாளிக்கக்கூடிய பீஸ்களாகப் பார்த்து வாசித்துக் காட்டினேன். எட்டாத சுரங்களை விட்டுவிட்டு, காலால் பெடலை அழுத்தி ஓசையைக் கலக்கிவிடுவேன். ஒன்பது வருஷம் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் பள்ளிப் படிக்கட்டில் ஏறும்போது, இன்றைக்குத்தான் மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பெண் வந்தபோது அவளுக்குப் பத்து வயது. அம்மா மருத்துவமனையில் நர்ஸ். டூட்டி முடித்து, சீருடையோடு நேராக அழைத்து வருவார். மெலிந்த பெண், உட்காரும் இடத்தில் உட்காராமல் நுனியில் தொற்றிக்கொண்டிருப்பாள். நான்தான் குருவி என்று கூப்பிட ஆரம்பித்தேன். முதல் நாளே கையை அளந்தேன். ஆறு கட்டை சுலபமாக, ஏழு கட்டை இழுத்துப் பிடித்து. எட்டு எட்டவே எட்டாது. அதைப் பதிவேட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அவளுக்கு நான் கொடுத்த முதல் ஏழு பீஸ்களையும் தயவுசெய்து கவனியுங்கள். ஒவ்வொன்றும் அவள் கைக்குத் தைத்த சட்டை. அப்படித் தேர்ந்தெடுக்க இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.

எட்டாவது மாதத்தில் ஒரு பிற்பகல், ஒரு சின்ன நடனத்தை வாசித்துக் காட்டினேன். முடித்ததும் அவள் கேட்டாள்:

"மிஸ், அந்த மேல் சுரத்தை ஏன் எப்பவும் விட்டுடறீங்க?"

"நீ கவனிக்கிறியான்னு பார்த்தேன்" என்றேன். நோட்ஸை மூடி வைத்தேன்.

மறு வாரம் அவள் அதே நடனத்தை வாசித்தாள். மேல் சுரத்தை விட்டுவிட்டு, நான் வாசித்தது மாதிரியே. ஏன் என்று கேட்டேன். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்குக் கை வலிக்குதுல்ல மிஸ்? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

என்னை யாரும் அவ்வளவு பயமுறுத்தியதில்லை. அவள் மிரட்டவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் பத்து வயதுப் பெண்ணின் வாயில் என் வேலை, என் வீடு, என் பெயர் எல்லாம் இருந்தன. சாப்பிடும்போது உளறலாம். தோழியிடம் பெருமையாகச் சொல்லலாம். அதன்பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் அவள் தலையைச் சாய்த்துக் கேட்பாள். நான் ஒரு கட்டையைத் தொடுவதற்கு முன்பே, இதை விடப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஆண்டு விழாவுக்கு நாலு மாதம் இருந்தது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பீஸை எடுத்தேன். பெரியவர்கள் பத்து வருஷம் கற்றபின் தொடுவது. வலது கை தொடக்கம்முதல் முடிவுவரை எட்டுக் கட்டை அகலத்திலேயே ஓட வேண்டும், அதுவும் உரக்க, அதுவும் வேகமாக. ஒன்பது பக்கம். கடிகாரம் நோட்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இவளுக்குக் கொஞ்சம் ஓவர் இல்லையா?" என்றார்.

"இருபத்தாறு வருஷத்துல நான் தப்பாத் தேர்ந்தெடுத்திருக்கேனா சார்?"

அவர் மணி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

குருவிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கை எட்டவில்லை என்றாள். எட்டும் என்றேன். பாட்டில் மூடும் தக்கைகளை வெட்டி, விரல் இடுக்குகளில் செருகிக்கொண்டு வீட்டுப்பாடம் படிக்கச் சொன்னேன். தினம் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு. வலித்தால் பீஸ் கைக்குள் இறங்குகிறது என்று அர்த்தம் என்றேன். வலியை அம்மாவிடம் சொல்கிறவர்கள் மேடை ஏறுவதில்லை என்றேன். அதட்டவில்லை. நான் ஒருபோதும் பிள்ளைகளை அதட்டியதில்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இரண்டாவது மாதம் அவள் கை ஜில்லென்று இருந்தது. மூன்றாவது மாதம் வகுப்பு நேரத்தில் உள்ளே வராமல் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கூப்பிட்டால் வருவாள். பியானோமுன் உட்கார்ந்ததும் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். மூடியைத் திறக்க நான் கை நீட்டினால், அடி விழப்போகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொள்வாள். என்னிடம் யாரும் இப்படிப் பயந்து பார்த்ததில்லை என்பதால் அது எனக்குப் புதிதாக இருந்தது. ஆனால் சுரம் விடுவதைப் பற்றி அவள் பிறகு பேசவே இல்லை. மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அம்மா ஒரு நாள் தனியாக வந்தார்.

"காலையில டம்ளரைக் கீழ போட்டுட்டா மிஸ். கேட்டா ஒண்ணுமில்லங்கறா. வேற ஏதாவது சின்னதாக் கொடுத்துடலாமா?"

"தாராளமா மாத்தலாம்மா. ஆனா தன்னால முடியலன்னு அவளே முடிவு கட்டிருவா. அப்புறம் பியானோ பக்கமே வரமாட்டா. உங்க இஷ்டம்."

அந்தம்மா நர்ஸ்தான். நாளெல்லாம் அடுத்தவர் நாடி பிடிப்பவர். ஆனால் என் துறையில் என்னை நம்பினார். "நீங்க பார்த்துக்குவீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வலது கையை. எனக்குக் கூசியது.

விழாவுக்குப் பத்து நாள் முன், இடைவேளையில், கை கழுவும் இடத்தில் அவளைப் பார்த்தேன். சுடுதண்ணீர்க் குழாயின் கீழ்க் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஆவி பறந்தது. சுண்டுவிரல் தானாக மடங்கியது; அவள் இடது கையால் அதை எடுத்து விரித்தாள்; அது மறுபடி மடங்கியது. கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"மிஸ், உங்க கையும் இப்படித்தான் போச்சா?"

நீங்கள் இரண்டு நாளாகக் கேட்கும் கேள்விக்குப் பதில் இந்த இடத்தில் இருக்கிறது. எனக்குத் தெரியுமா, தெரியாதா என்பது. ஜில்லிப்பு, மரத்துப் போவது, நழுவுவது, சுருள்வது. அந்த வரிசை எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு வாரமும் அவள் எந்தப் படியில் இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அன்றைக்கு நிறுத்தியிருந்தால் ஒருவேளை தேறியிருப்பாள். அதுவும் தெரியும்.

"இல்லம்மா" என்றேன். "இது பயம். வாசிச்சாப் போயிடும்."

விழா காலை பத்தரைக்கு. நீலச் சட்டை போட்டிருந்தாள். இரண்டு பக்கம் வாசித்தாள், அப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதில்லை. மூன்றாம் பக்கத்தில் வலது கை முழுவதும் சுருண்டு, கோழிக்கால் மாதிரி ஆயிற்று. அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நிறுத்தட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள். நான் மேடை ஓரத்தில் நின்றிருந்தேன். மேலே போ என்று தலையசைத்தேன். அவள் போனாள். மடங்கிய விரல்களின் முட்டியால் அடித்து அடித்து ஒன்பது பக்கத்தையும் முடித்தாள். யாரும் கைதட்டவில்லை. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது, வேறு யாருடையதோ.

தசைநார் இரண்டு இடத்தில் கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள். அது ஆறினாலும் விரல் சொன்னபடி கேட்காதாம். பென்சில் பிடிப்பதே கஷ்டமாம். அவளிடம் எத்தனை முறை கேட்டும், மிஸ் நல்லவங்க என்றுதான் சொன்னாளாம். என் கையைப் பற்றி இன்றுவரை அவள் வாய் திறக்கவில்லை. அதை உங்களுக்குச் சொன்னது நான்தான். தக்கைகளைக் கண்டுபிடித்துப் புகார் கொடுத்தது அம்மா.

அவள்மேல் பொறாமையா என்று கேட்டீர்கள். இல்லை. வெறுப்பு இல்லவே இல்லை. பயந்தேன், அவ்வளவுதான். வாசிக்க முடியாத ஒருத்தி சொல்வதை யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். அவளும் என்னைப் போல ஆகிவிட்டால், அவள் சொல்வதற்கும் மதிப்பு இருக்காது என்று கணக்குப் போட்டேன். அவள் கையைக் கெடுப்பதற்கென்றே, தெரிந்தே, அந்த பீஸைத் தேர்ந்தெடுத்தேன். இதன்கீழ் கையெழுத்துப் போடுகிறேன். இடது கையால்தான் போட முடியும், வலது கையில் இப்போது பேனாவும் நிற்பதில்லை.

இன்னொரு விஷயம். நேற்று இங்கே ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோது யோசித்தேன். இடது கைக்கு மட்டுமென்றே எழுதப்பட்ட பீஸ்கள் உண்டு. என் அலமாரியில் நல்லதாக ஒன்று இருக்கிறது. அவள் அம்மாவிடம் யார் மூலமாவது சேர்த்துவிடுங்கள், நான் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம். கொஞ்சம் அகலமாக விரிக்க வேண்டியிருக்கும், ஆனால் அவள் கெட்டிக்காரி, எட்டிவிடுவாள்.