மீனம்பாக்கத்துலேர்ந்து நாலு மணி நேரம்

— திரும்பச் சொல்லு மாமா. பிளேன்ல எத்தினி நேரம் ஆச்சுன்ன?

— ரெண்டு நாளு.

— சிங்கப்பூருக்கா?

— நடுவுல நிப்பாட்டினான் கனகா. எல்லாரும் எறங்கி டீ குடிச்சோம்.

— எங்க? கடல்லயா?

— ...ஒரு ஜங்ஷன்ல.

— பிளேனுக்கு ஜங்ஷனு! இஞ்சினுக்குத் தண்ணி புடிச்சாங்களா?

— புடிச்சாங்க... சிரிக்காத புள்ள! ராத்திரி உங்கப்பாரு தலைய ஆட்டிக்கிட்டுதான கேட்டாரு?

— அவரு ரயிலே ஏறாதவரு. இப்பக் கறி வாங்கப் போயிருக்காரு. வாரப்போ சேத்தியாத்தோப்பு சாமிதுரை சித்தப்பாவும் கூட வராரு. அவரு நெசமாவே பிளேன்ல சிங்கப்பூரு போயிட்டு வந்தவரு. சோத்துக்கு உக்காந்ததும் இதத்தான் கேப்பாரு.

— ஐயோ.

— நீ ஒளறுன, வெள்ளிக்கிழமை திட்டக்குடி ரைஸ்மில்லுக்காரன் வந்து எனக்குப் பரிசம் போட்டுட்டுப் போயிடுவான்.

— நான் இப்பவே பஸ்ஸு ஏறிடுறேன்...

— அப்புறம் ஏறலாம். கேளு. மீனம்பாக்கத்துலேர்ந்து ஆயிரத்தி எண்ணூறு மைலு. நாலு மணி நேரம்.

— போடி! நம்ம ஊர்லேர்ந்து மெட்ராஸுக்கு ரயில்ல போவவே அஞ்சு மணி நேரம் ஆவுது. யாரு நம்புவா?

— ஏறுனவங்க நம்புவாங்க. சரி, காலைல எட்டு மணிக்கு ஏறுற. எறங்குறப்ப அங்க கடியாரத்துல மணி என்னா?

— பன்னெண்டு.

— ரெண்டு!

— நாலு மணி நேரம்னு நீதான...

— அங்க நமக்கு முன்னாடியே பொழுது விடிஞ்சிடும் மாமா. கடியாரமும் ரெண்டு மணி நேரம் முன்னாடி ஓடும்.

— அப்ப திரும்பி வாரப்போ அங்க எட்டுக்கு ஏறுனா...

— இங்க பத்துக்கு எறங்கிடுவ.

— போவ ஆறு, வர ரெண்டா? வாரப்போ எறக்கமா?

— எறக்கம்னு மட்டும் வாயத் தொறந்துடாத! போவவும் நாலு, வரவும் நாலு. சொல்லு.

— நாலு... நாலு. இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?

— சித்தப்பாதான். தீவாளிலேர்ந்து வாரப்பல்லாம் ஒன்னொன்னாக் கேட்டு வச்சிருக்கேன். கையக் காட்டு.

— எதுக்கு?

— நகத்துக்குள்ள வெள்ளைக் களிமண்ணு. நம்ம பீங்கான் சூளை ஊர்ல வந்து இத மறைக்கப் பாத்தியா? தேங்கா நாரு போட்டுத் தேய்.

— ...தெரிஞ்சிபோச்சா?

— ம்.

— சத்தியமா இந்தச் சிங்கப்பூரு கதைய நான் கெளப்பல கனகா. ராணிப்பேட்டையில கப்பு சாசரு செய்யிறேன்னுதான் உங்கப்பாருக்கு மாசாமாசம் கார்டு போட்டேன். நேத்து பஸ்ஸுலேர்ந்து எறங்குனா, 'சிங்கப்பூரான் வந்துட்டான்'னு தெருவே நிக்குது. மாலை வேற! நானும் இளிச்சிக்கிட்டே கழுத்த நீட்டிட்டேன். எந்த நாசமாப் போனது இப்பிடிப் பொய் சொல்லி வச்சிதோ...

— வாயக் கழுவு மாமா. எங்கப்பாவுக்கு எழுத்து தெரியாது. மூணு வருசமா உன் கார்டையெல்லாம் அவருக்குப் படிச்சிக் காட்டுனது நான்தான்.