தனசிங்கைத் தக்கவைத்த விதம்

தனியாகச் சாப்பிடுகிறவர்கள் வேகமாகச் சாப்பிட்டுவிடுவார்கள். நீங்களும் கவனித்திருப்பீர்கள், மேடம். பேச்சு இல்லாதபோது கைக்கு வேறு வேலை இல்லை. பல்கலைக்கழகத்தில் மதிய இடைவேளை தாராளமாக இருக்கும். என் சாப்பாடு முடிந்த பிறகும் அதில் பெரும்பகுதி மிச்சமிருக்கும். ஜன்னல் வழியாக, பேருந்துகள் நிற்கும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று மட்டும் சொன்னால் போதும் என்றீர்கள். சொல்கிறேன். ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசையிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் சேர்ந்தபோது அது பல்கலைக்கழகம் அல்ல. தாம்பரத்தைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டி இரண்டே கட்டடங்கள் கொண்ட பொறியியல் கல்லூரி. முதலில் என்னை ஆபீசர் என்றார்கள், பிறகு மேலாளர், கடைசியில் மனிதவளத் துறை இயக்குநர். பெயர்தான் மாறியது. வேலை ஆட்களைச் சேர்ப்பதும் அனுப்புவதும்தான். சேர்ப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அனுப்புவதற்கென்றே என்னை வைத்திருந்தார்கள்.

நான் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. உட்காரச் சொல்வேன். தண்ணீர் கொடுப்பேன். விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பேன். எதிரே இருப்பவர் கோபப்படுவார், பிறகு கெஞ்சுவார், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சொல்வார். நான் வாய் திறக்காமல் இருந்தால் கடைசியில் அவரே பேனாவைக் கேட்பார். ராஜினாமாவை அவர் கையாலேயே எழுதிக் கொடுப்பார். கொரோனா ஆண்டில் அப்படி நிறையப் பேர் எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகம் எனக்குப் பொன்னாடை போர்த்தியது.

அதனால் நான் உணவுக்கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்கும். கொஞ்ச நாளில் அங்கே போவதை நிறுத்திக்கொண்டேன். வீட்டிலும் அப்படித்தான். பேரன் பிறந்தபோது உதவிக்கு என்று என் மனைவி பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனாள். பேரன் இப்போது சைக்கிள் ஓட்டுகிறான். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை போன் செய்து மாத்திரை போட்டீர்களா என்று கேட்பாள். போட்டேன் என்பேன். அஸ்தினாபுரம் வீட்டில் குக்கர் விசில்தான் என்னோடு பேசும் ஒரே குரல்.

தனசிங் சேர்ந்து இரண்டாம் நாளே டிபன் பாக்ஸோடு என் அறைக்கு வந்தார். இயற்பியல் துறை. ஐம்பதைத் தாண்டியவர், நாகர்கோவில்காரர். கீழ்க்கட்டளையில் ஒற்றை அறை எடுத்துத் தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இங்க உக்காரலாமா சார்? ஸ்டாஃப் ரூம்ல ஃபேன் ஓடல.”

அவருக்கு யாரும் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. உட்கார்ந்தார். என் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

“இன்னைக்கும் தயிர்சாதம், நேத்தும் தயிர்சாதமாமே? ஜான்சி சொன்னா. ஆஸ்பத்திரியில கூட ஒருநாள் மாத்திக் குடுப்பாவ சார்.”

ஜான்சி என் உதவியாளர். கதவுக்கு வெளியே அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. தனசிங் தன் டப்பாவிலிருந்து மரச்சீனிக் கிழங்கை எடுத்து என் தட்டில் வைத்தார். மெதுவாகச் சாப்பிடுகிறவர். அன்று எனக்கு இடைவேளை போதவில்லை.

மறுநாள் முதல் தினமும் வந்தார். ஆய்வகத்தில் வேலை செய்யும் சுகுமார், பம்மல்காரன், ஒருமுறை தாழ்வாரத்தில் அவரைக் கேலி செய்தது என் காதில் விழுந்தது.

“இன்னா சார், எச்.ஆர். கூட சாப்ட்டுகினு கீறீங்க? லிஸ்ட்ல எங்க பேரு வந்தா கொஞ்சம் அடிச்சி வுட சொல்லுங்க.”

“அவருக்கும் வயிறு ஒண்ணு உண்டும்டே,” என்றார் தனசிங்.

அந்த வாக்கியத்தை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவி புஷ்பம் நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியை. சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் இருந்தார். மகள் ஹெப்சி அங்கேயே நர்ஸ். அவள்தான் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். வைத்தியச் செலவு தனசிங்கின் சம்பளத்தில் ஓடியது என்பதால் அவரால் வேலையை விட்டுவிட்டுப் போக முடியாது. ஊரிலேயே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தால் போய்விடலாம். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். சாப்பிடும்போது அதைப் பற்றியே பேசுவார்.

“அவ ஒண்ணும் கேக்க மாட்டா சார். ஊசி போடும்போது பக்கத்துல இருங்கன்னு மட்டும் ஒருநாள் சொன்னா.”

நாகர்கோவில் கல்லூரி ஒன்று நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. அதற்கு அவரை நானே தயார்படுத்தினேன். எப்படி உட்கார வேண்டும், வயதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அதில் எந்தக் கள்ளமும் இல்லை. நன்றாகவே சொல்லிக்கொடுத்தேன். நேர்முகத்துக்குப் போய்விட்டு முகம் மலர்ந்து திரும்பி வந்தார். சம்பளம்கூடப் பேசிவிட்டார்களாம்.

எங்கள் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு, மேடம். ஒருவரை எடுப்பதற்கு முன் அவர் பழைய இடத்துக்கு ஒரு போன் போடுவார்கள். காகிதத்தில் எல்லோரும் நல்லபடியாகத்தான் எழுதிக் கொடுப்பார்கள், அதை யாரும் நம்புவதில்லை. போனில் கேட்பதைத்தான் நம்புவார்கள். அந்தக் கல்லூரி முதல்வர் ஒரு செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார். அப்போது தனசிங் எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வராந்தாவுக்குப் போனேன்.

“தனசிங்னு ஒருத்தர் சார். ஆளு எப்படி?”

“நல்ல மனுஷன்,” என்றேன். அதன் பிறகு எதுவும் சொல்லவில்லை.

“லைன்ல இருக்கீங்களா சார்?”

“இருக்கேன்.”

“வேற ஏதாவது... பிரச்சினை?”

கீழே மைதானத்தில் ஒரு பேருந்து பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை பார்த்தேன்.

“நான் அப்படி எதுவும் சொல்லலையே சார்.”

“மனசிலாச்சு சார். ரொம்ப நன்றி.”

திரும்பி வந்தபோது எனக்கென்று பாதி ஆரஞ்சு உரித்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு வேறு இரண்டு கல்லூரிகளிலிருந்து கூப்பிட்டார்கள். மார்த்தாண்டத்திலிருந்து ஒன்று, வள்ளியூர் பக்கத்திலிருந்து ஒன்று. ஒவ்வொரு முறையும் நல்ல மனுஷன் என்றுதான் சொன்னேன். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நல்ல ஆட்களை நிறுவனம் இழக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அவர் நல்ல ஆசிரியர்.

“என்கிட்ட என்னமோ கொறை இருக்கு சார்,” என்றார் ஒருநாள். “எல்லாரும் சிரிச்சுப் பேசுதாவ. பொறவு போனே எடுக்க மாட்டேங்காவ. வயசாயிப் போச்சா? பாடம் மறந்து போச்சா? நீங்க ஒரு மட்டம் என் கிளாஸுல வந்து உக்காந்து பாத்துச் சொல்லுங்களேன்.”

போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டேன். அருமையாக நடத்தினார். குறை எதுவும் இல்லை, மனதைத் தளரவிடாதீர்கள் என்று சொல்லி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அவர் கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது. அது நடிப்பு என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

விடைத்தாள் திருத்தும் பருவத்தில் புஷ்பம் இறந்தார். ஊசி போடும்போது பக்கத்தில் ஹெப்சி மட்டும்தான் இருந்தாள். தனசிங்கை நான் தனியாக அனுப்பவில்லை. தாம்பரத்தில் ரயிலேறி அவரோடு நானும் போனேன். வழியெல்லாம் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். விழுப்புரம் தாண்டியதும் வெயில் முகத்தில் விழாமல் ஜன்னலை இறக்கிவிட்டேன். சாவு வீட்டுக்குப் போகும் பயணத்தைப் பற்றி இப்படிச் சொல்வது சரியில்லைதான். ஆனால் என் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவான பகல் ஒன்று இருந்ததில்லை.

அதன் பிறகு அவர் எங்கேயும் விண்ணப்பிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவார். சேர்ந்து சமைப்போம். மாலையில் ஒன்றும் பேசாமல் பால்கனியில் உட்கார்ந்திருப்போம். இரண்டு பேர் சேர்ந்து பேசாமல் இருப்பது வேறு விதமானது, மேடம். தனியாகப் பேசாமல் இருந்து பழகியவர்களுக்குத்தான் அது தெரியும்.

சென்ற மாதம் அவர் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனார். பந்தியில் பக்கத்து இலை, முதலில் எனக்குப் போன் செய்த அந்த நாகர்கோவில் கல்லூரி முதல்வருக்கு. அவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருக்கிறார், அங்கே உங்களுக்கு என்ன பிரச்சினை, உங்கள் எச்.ஆர். சொல்லவே தயங்கினாரே என்று.

அடுத்த ஞாயிறு சர்ச்சிலிருந்து வழக்கம்போல வந்தார். கையில் பைபிள், வெள்ளைச் சட்டை. செருப்பைக் கழற்றவில்லை.

“என்னையப் பத்தி என்ன சொன்னீங்க சார்?”

“ஒண்ணும் சொல்லலை.”

“அதைத்தான் சார் அவரும் சொன்னாரு. ஒண்ணும் சொல்லலைன்னு.”

நான் சும்மா இருந்தேன். அவரிடம் அது பலிக்கவில்லை. அவரும் சும்மா இருந்தார். பிறகு மிகவும் தணிந்த குரலில் கேட்டார். “அன்னைக்குப் புஷ்பம் நோவுல கெடக்கான்னு தெரியும்லா உங்களுக்கு?”

தெரியும் என்றேன்.

“நாளைக்கு ஆபீஸ் தொறந்ததும் என் ஒரிஜினல் சர்டிபிகேட்டை எடுத்து வெச்சிருங்க. நான் ஊருக்குப் போறேன். வேலை கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டாலும் சரி. இனி உங்க மொகத்துல முழிக்க மாட்டேன்.”

சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் வழக்கம். அவருடையவை என் அலமாரியில் இருந்தன. தருகிறேன் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

வாசலுக்குத் திரும்பியவர் சுவரைப் பிடித்தார். முகம் வியர்த்துவிட்டது. நாற்காலியில் உட்காரவைத்தேன். இடது கை வலிக்கிறது என்றார். தண்ணீர் கேட்டார். நான் சமையலறைக்குப் போன நேரத்தில்தான் மகளுக்கு அந்த வாய்ஸ் மெசேஜை அனுப்பியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. ஹெப்சி டியூட்டியில் இருந்ததால் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டிருக்கிறாள். நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். “நெஞ்சு என்னமோ செய்யுது மக்களே. பயப்படாத, சார் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டாரு.”

அவர் அப்படி நம்பியதற்குக் காரணம், நான் அப்படிச் சொன்னதுதான். தண்ணீர் எடுக்கப் போகும் முன்பே, கூப்பிட்டாச்சு, வந்துட்டே இருக்கு என்றேன். என் பணிக்காலம் முழுவதிலும் நான் வாய் திறந்து சொன்ன ஒரே பொய் அது. போன் என் சட்டைப் பையில் இருந்தது. குரோம்பேட்டை ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை. ஞாயிறு மதியம், சாலையில் நெரிசலும் இல்லை. கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார். பிழைத்து, நாகர்கோவிலுக்குப் போயிருப்பார்.

தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வந்துருச்சா சார் என்று கேட்டார். இதோ என்றேன். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் மூச்சு நிற்கும்வரை நான் கூப்பிடவில்லை. நின்ற பிறகும் உடனே கூப்பிடவில்லை. வெயில் பால்கனியை விட்டுப் போகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இதை அப்படியே வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசி நேரத்தில் அப்பா தனியாகக் கிடந்தாரா என்று ஹெப்சி கேட்டு அழுததாகச் சொன்னீர்கள். இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள். அவர் கையை நான் விடவே இல்லை.