நான்கு விநாடிப் பட்டியல்

மீன்சந்தை வழியாக நடந்துதான் நான் தினமும் வேலைக்குப் போவேன். காலை நேரத்தில் எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் அதைவிடக் கலகலப்பான இடம் கிடையாது. கணவாய் விற்கிறவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ரயூஃப் ஜல்லூலி யாருக்கும் கெடுதல் நினைக்காதவன் என்று அவர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள்.

மருந்து அட்டை அலுவலகத்தில் பதினேழு வருடமாகத் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நீரிழிவு, இதயம், சிறுநீரகம் என்று தீராத வியாதி உள்ளவர்களுக்கு எங்கள் அட்டை இருந்தால்தான் அரசு மருந்தகத்தில் மருந்து. ஆள் இறந்துவிட்டால் அட்டையை மூட வேண்டும். நகராட்சிகளிலிருந்து வாரம் ஒருமுறை இறந்தவர் பட்டியல் வரும். ஓர் ஆளுக்கு ஒரு வரி. பெயர், பிறந்த வருடம், இறந்த தேதி, அவ்வளவுதான்.

அட்டையை மூடுவது தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதிவைத்த ஒரு கட்டளைத் தொகுப்பு. புரோசீஜர் என்போம். பழைய புரோசீஜர் ஒரு தடவைக்கு ஒரு வரிதான் வாங்கிக்கொள்ளும். நானூறு பேர் என்றால் நானூறு தடவை அதைக் கூப்பிட வேண்டும். ஒரே பெயரில், ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு பேர் இருந்துவிட்டால் அது நின்றுகொண்டு, இவரா அவரா என்று கேட்கும். உடனே எங்கள் மூத்த எழுத்தர் வசீலா தொலைபேசியை எடுத்துவிடுவார். அவரை நாங்கள் எல்லோரும் மரியாதையாக லல்லா வசீலா என்போம். இறந்த வீட்டில் துக்கம் விசாரிப்பார். இறக்காத வீட்டிலும் விசாரிப்பார்; பேரப்பிள்ளைகள், ஆலிவ் விளைச்சல் என்று ஒன்றும் பாக்கி இருக்காது. ஒரு பட்டியல் முடிய இரண்டு நாள் ஆகிவிடும்.

நான் அதை மாற்றினேன். நானூறு வரியையும் ஒரே அட்டவணையாக, ஒரே தடவையில் புரோசீஜர் கையில் கொடுத்துவிடுகிற மாதிரி எழுதினேன். முதல் நாள் ஓடவிட்டபோது நான்கு விநாடி ஆனது. மேலாளர் கைதட்டினார். ஒரு தட்டு நிறைய மக்ரூத் இனிப்பு வரவழைத்தார். லல்லா வசீலா மட்டும் தட்டைத் தொடவில்லை.

“ஒரே பேர்ல ரெண்டு பேர் வந்தா யாரைக் கேக்கும் ரயூஃப்?”

“யாரையும் கேக்காது லல்லா. அதுக்கு ஒரு வழி எழுதியிருக்கேன்.”

“என்ன வழி?”

“நீங்க முதல்ல மக்ரூத் எடுத்துக்கோங்க.”

வழி எளிமையானதுதான். மொத்த அட்டவணையும் ஒன்றாக உள்ளே போகும்போது நடுவில் நின்று கேட்க இடமில்லை. ஒரு வரி சிக்கினால் நானூறும் திரும்பி வந்துவிடும். அது பார்க்க நன்றாக இருக்காது. அதனால், பெயரும் வருடமும் பொருந்தினால் இரண்டு அட்டையையும் மூடிவிடும்படி எழுதினேன்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஷெத்லி ஃபூராத்தி வந்தார். கெர்க்கென்னா தீவுக்குப் போகும் படகில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்த மனிதர். நல்ல உரத்த குரல்.

“மருந்தகத்துல நான் செத்துட்டேன்னு சொல்றாங்க மகனே. என்னைக்குச் செத்தேன்னு மட்டும் பார்த்துச் சொல்லு. வீட்டுக்காரிக்கு விஷயம் தெரியாது, இன்னும் எனக்கும் சேர்த்துச் சமைச்சிட்டிருக்கா.”

பிப்ரவரி ஒன்பது என்று திரையைப் பார்த்துச் சொன்னேன்.

“ஒன்பதா? அன்னைக்கு மீன் குஸ்குஸ் ரெண்டு தட்டு சாப்பிட்டேனே.”

அலுவலகமே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவருக்கு இன்சுலின் வேண்டியிருந்தது.

அட்டையைத் திறக்க ஒரு நிமிடம் போதும், மறைக்கவில்லை. ஆனால் திறந்தால் அது பிழை என்று பதிவேட்டில் ஏறிவிடும். ஆறு வாரத்தில் தலைநகரிலிருந்து ஒரு குழு வர இருந்தது. என் முறையைப் பார்த்துவிட்டு இருபத்துநான்கு மாகாணங்களுக்கும் கொண்டுபோக. என் அறிக்கையில் பிழை என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. அதனால், உயிரோடு இருப்பதாக நகராட்சிச் சான்று வாங்கி வரும்படி பெரியவரிடம் சொன்னேன். அடுத்த செவ்வாய் வாங்கி வந்தார். புகைப்படம் ஒட்டியது வேண்டும் என்றேன். அதற்கடுத்த செவ்வாய் அதுவும் வந்தது. புகைப்படத்தில் இருப்பது செத்துப்போன ஷெத்லி என்றும், தான் அவருடைய தம்பி மாதிரி என்றும் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். ஒருமுறை எனக்காக ஆக்டோபஸ் கருவாடு கொண்டுவந்தார். உண்மையைச் சொன்னால், அந்தச் செவ்வாய்க்கிழமைகளுக்காக நான் காத்திருப்பேன். ஒரு வாரத்துக்கான இன்சுலினை என் கைக்காசில் வாங்கியும் கொடுத்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது செவ்வாய் செருப்பில் வந்தார், கால் வீங்கி ஷூவுக்குள் நுழையவில்லை. மூன்று குவளை தண்ணீர் குடித்தார். அன்று ஜோக் எதுவும் சொல்லவில்லை. அவர் போனதும் லல்லா வசீலா என் மேசைக்கு வந்தார்.

“அந்த மனுஷன் மூச்சுல அழுகின பழ வாசனை அடிக்குது, சர்க்கரை எக்கச்சக்கமா ஏறிடுச்சு. இன்னைக்கே திறந்து விடு.”

வியாழன் குழு வருகிறது, வெள்ளி காலை முதல் வேலை அதுதான் என்றேன். அவர் மேலாளருக்குக் கடிதம் எழுதினார். பொறுப்பாளர் நான் என்பதால் மேலாளர் அதை எனக்கே அனுப்பிவைத்தார். மரியாதையாகப் பதில் எழுதினேன்.

குழு வந்தது, பாராட்டியது. வெள்ளி காலை, சொன்ன சொல் மாறாமல், பெரியவரின் அட்டையைத் திறக்கத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் அந்த வாரத்துப் பட்டியல் வந்திருந்தது. அதில் ஷெத்லி ஃபூராத்தி இருந்தார். இந்த முறை அவரேதான். மூடிய அட்டையை மறுபடி மூட வேண்டியதில்லை. மொத்தமும் நான்கு விநாடிக்குக் குறைவாகவே ஓடி முடிந்தது.

துக்கத்துக்குப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை வந்தால் அவர் உற்சாகமாகக் கிளம்பிவிடுவார், நீங்கள் அவரை அவ்வளவு அன்பாக நடத்தினீர்கள் என்றார். எனக்குக் கண் கலங்கியது.

குழு போன பிறகாவது, இதே மாதிரி உயிரோடு இருக்கும்போதே மூடப்பட்ட மற்றவர்களின் அட்டைகளைத் திறந்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அதற்குள் பூஜ்யம் அச்சாகி எல்லா மாகாணங்களுக்கும் போய்விட்டது. மற்றவர்கள் முப்பது பேர். அவரையும் சேர்த்து முப்பத்தொன்று. தெரியாமல் நடந்தது என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார், அது பொய். முதல் வாரத்திலிருந்தே எனக்குத் தெரியும். முப்பத்தொரு பெயரையும் தனித்தாளில் எழுதி, என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நகராட்சிப் பட்டியலில் அந்த ஆளே வரும்போது, அவர் பெயருக்கு எதிரே பச்சை மையில் சரி போடுவேன். இந்த ஒன்றேகால் வருடத்தில் பதினான்கு போட்டிருக்கிறேன். யாரையும் நான் விரலால்கூடத் தொட்டதில்லை, அந்தப் பிழைகள் தாமாகவே சரியாகிவிட்டன.

லல்லா வசீலா அவசரப்பட்டு உங்களிடம் வந்துவிட்டார். இன்னும் ஒன்றிரண்டு வருடம் பொறுத்திருந்தால், அந்தத் தாளில் ஒரு பிழைகூட மிஞ்சியிருக்காது.