முறை வைத்து உட்கார்ந்தோம்

இல்லை அக்கா, ஒருத்தியும் போகவில்லை. முப்பது பேரும் இருக்கிறோம். இன்று காலையும் முப்பது பேரும்தான் உள்ளே போனோம்.

மன்னிக்க வேண்டும். மேடை ஏறும்போதே முன்வரிசை அக்கா, எங்களில் எத்தனை பேருக்கு வேலை போனது என்று கேட்டுவிட்டார். அவருக்குப் பதில் சொல்லாமல் வணக்கம் சொல்ல மனம் வரவில்லை.

குறைவாகப் பேசி நிறைவாகக் கேட்கும் எங்கள் தலைவர் பிராங்கிளின் அண்ணன் அவர்களே! சங்கத்தைத் தோளில் சுமந்து தோள் தேய்ந்த பெரியவர்களே! திருவொற்றியூர் வெயிலையும் எண்ணூர்ப் புகையையும் ஒரே முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! துறைமுகத் தோழர்களே! இடமிருந்தும் உட்காராமல் பின்னால் நிற்கும் தம்பிமார்களே! கார்குழலியின் வணக்கம். வியாசர்பாடிப் பெண். பொருளாதாரம் படித்தவள். வண்டி இஞ்சினுக்கு ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவள்.

பொருளாதார மந்தம். கல்லூரியில் அது ஒரு கோடு. ஏறும், இறங்கும். வரைந்து காட்டி மதிப்பெண் வாங்கினேன். அந்தக் கோடு இறங்கும் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேள்வித்தாள் கேட்கவில்லை.

கடல் தாண்டி யாரோ ஒருவர் புதுக் கார் வாங்குவதைத் தள்ளிப் போடுகிறார். நல்ல மனிதராகவே இருக்கட்டும். அவர் தள்ளிப் போட்டதும் இங்கே எதெல்லாம் தள்ளிப் போகிறது? எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசை குறைந்தது. சாலையை எளிதாகக் கடந்தோம். கடந்த பிறகு பயந்தோம். டீக்கடையில் வடைச்சட்டி ஒரு வேளையோடு இறங்கியது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்கவில்லை, கம்பெனியைப் பற்றியே கேட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு ஒரு நாள் மேலாளர் மெஷின் ஓட்டும் எங்கள் முப்பது பேரையும் கூப்பிட்டார்.

"ஆர்டர் இல்ல. பத்துப் பேர் குறையணும். யார்னு நான் சொன்னா பொல்லாப்பு. நீங்களே பேசி பத்துப் பேரைச் சொல்லிடுங்க."

நீங்களே! கவனியுங்கள் தோழர்களே. வேலையைப் பறிப்பது ஒரு கொடுமை. யார் வேலையைப் பறிக்கலாம் என்று பக்கத்தில் நிற்பவளிடமே கேட்பதற்கு என்ன பெயர்?

மறுநாள் சாப்பாட்டு வேளையில் குழம்பு கை மாறவில்லை. ஒருத்தி இருமினால் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். ஒருத்தி தாமதமாக வந்தால் மற்றவர்களுக்குள் ஒரு சின்ன நிம்மதி. யாரும் கெட்டவர்கள் அல்ல. மந்தம் உலைப்பானையைத்தான் காலி செய்யும் என்று நினைத்திருந்தேன். அது கண்ணுக்குள்ளும் கை விடும்.

கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் நான். முதல் பெயர் என் பெயர் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, ராயபுரத்தில் தேவாலய வாசலில் கூடினோம். நெட்டுக்குப்பத்துத் தாயம்மா, என் பக்கத்து மெஷின், பேச்சை எடுத்தாள்.

"எங்க ஆத்துல வலை கட்ட நல்ல எடம் கொஞ்சம்தான் கீது. வூடு நெறைய. நீ போ, நீ இருன்னு யாருனா சொல்றமா? இன்னிக்கு நீ கட்டு, நாளிக்கு நான் கட்றேன். பாடு வச்சிகினு பொழைக்கறோம். நம்மளும் அப்டி முறை வச்சி குந்தலாமே. வாரத்துக்கு பத்து பேரு வூட்ல."

எல்லாரும் சாண்ட்ரா அக்காவைப் பார்த்தோம். எங்களில் மூத்தவர். அவர் வேலைக்கு எந்த ஆபத்தும் இல்லை. அவர் மறுத்தால் மற்ற மூத்தவர்களும் மறுப்பார்கள்.

"நல்லா கீதுடி நியாயம்! பத்தொம்போது வருசம் நின்னு காலு வீங்கிகினு கீது. நேத்து வந்த பொண்ணுக்காக நான் ஏன் வூட்ல குந்தணும்?"

அந்தப் பொண்ணு நான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டதில் தவறு உண்டா? இன்றும் தேடுகிறேன். கிடைக்கவில்லை.

தாயம்மா விடவில்லை. "சரி, குந்தாத. இப்போ பத்து பேரு. அப்பால இன்னும் பத்து கேப்பாங்க. கடசீல நீ ஒருத்திதான் மிச்சம். அத்தினி மிசினையும் நீயே ஓட்டுவியா? இன்னா, எட்டு கை கீதா உனுக்கு?"

யாரோ சிரித்தார்கள். சாண்ட்ரா அக்கா சிரிக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏய், படிச்ச பொண்ணு. இன்னாத்துக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற? மொதோ வாரம் நானே குந்தறேன். தோய்க்காத துணி மலையா கெடக்குது."

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! அக்கா இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறார். கொஞ்சம் வெட்கப்படட்டும்.

மேலாளரிடம் போனோம். "இது கம்பெனியா, மீன் மார்க்கெட்டா?" என்றார். தாயம்மா சொன்னாள்: "மீன் மார்க்கெட்ல கூட, கூட குந்தினு கீறவள காட்டிக்குடுன்னு கேக்க மாட்டாங்க சார்." மேலிடத்தில் பேசினார்கள், இழுத்தடித்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். பழகிய கைகளை விட்டால் திரும்பக் கிடைக்காது என்று அவர்களுக்கும் தெரியும்.

முறை வைத்து உட்கார்ந்தோம். ரேஷன் அரிசி. குறைந்த சம்பளத்து மாதங்கள். சண்டையும் உண்டு, என் முறை உன் முறை என்று. ஆனால் உட்கார்ந்தவள் எழுந்து வந்தாள். ஒவ்வொருத்தியும் எழுந்து வந்தாள்!

போன மாதம் ஒரு காலை. சாலையைக் கடக்க முடியவில்லை. டிரெய்லருக்குப் பின் டிரெய்லர். ஹார்ன், புழுதி, டீசல் நாற்றம். ஓரத்தில் நின்று சாண்ட்ரா அக்காவும் நானும் சிரித்தோம். வெகு நாளைக்குப் பிறகு அன்று முழு மூச்சு விட்டேன்.

என்ன? பின்னால் யார்? சத்தமாகச் சொல்லுங்கள் அண்ணா.

முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. லோடு ஏற்றும் புளியந்தோப்பு வல்லரசு அண்ணன் கேட்கிறார்: "எங்கள ஒரே போன்ல வராதன்னுட்டாங்க. இப்பத்தான் திருப்பி கூப்டுகீறாங்க. உங்க முறையில எங்களுக்கு எடம் இருந்துச்சாம்மா?"

இல்லை அண்ணா. இருக்கவில்லை.

அவரை உட்காரச் சொல்லாதீர்கள். கேட்கட்டும். நாங்கள் செய்த வாஷரைத் தலையில் சுமந்து வண்டியில் ஏற்றியவர் அவர். எங்கள் வட்டம் கம்பெனி வாசலுக்கு உள்ளேயே முடிந்துவிட்டது.

மந்தம் மறுபடி வரும். மழை வருவதை நாம் முடிவு செய்வதில்லை. ஆனால் யார் வீடு ஒழுக வேண்டும் என்பதை மழையா முடிவு செய்கிறது? செய்வது மனிதர்கள். அவர்கள் முடிவு செய்தால் ஒருவர் முழுக்க நனைவார். நாம் முடிவு செய்தால் எல்லாரும் கொஞ்சம் நனைவோம். நனைந்தவர் காய்வார், தோழர்களே! மூழ்கியவர் எழுவாரா? ஏற்றுபவரும் இறக்குபவரும், கூட்டுபவரும் காவல் நிற்பவரும் நம் முறைக்குள் வர வேண்டும். அடுத்த மந்தம் வந்த பிறகல்ல. ஆர்டர் நிறைந்திருக்கும் இப்போதே, சங்கத்தின் கை வலுத்திருக்கும் இப்போதே!

தலைவர் தலையாட்டுகிறார். எல்லாரும் பார்த்தீர்கள். இனி அவர் மாற முடியாது.

என்னை வேலையில் வைத்திருந்த இருபத்தொன்பது பேருக்கும், கேட்ட உங்களுக்கும், கேள்வி கேட்டவருக்கும் நன்றி. வணக்கம்.

கார்குழலி மைக்கை மேடையில் வைக்கவில்லை. வயர் நீளும் மட்டும் இழுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய், வல்லரசுவிடம் கொடுத்தாள்.